காட்டேரிக்கு முப்பத்தோரு ஷரத்துகள்

என் மகள் கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் ஆளை நான் முதன்முதலில் பார்த்த அன்று, அவன் ஒரு பஸ் கண்டக்டரின் கழுத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

திரையில்தான். ஆனாலும் ஒரு தகப்பன் பார்க்க வேண்டிய காட்சியா அது? பக்கத்து நாற்காலியில் என் மகள் கன்னத்தில் கைவைத்து ஏதோ கச்சேரி கேட்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் என் மனைவி, மடியில் ஒரு வாளி அளவு பாப்கார்னோடு, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் துடித்தார். துடித்துத் துடித்து, ஒரு வழியாகச் செத்தார்.

"பல்லு நல்லா பொருந்தியிருக்குல்ல?" என்று என் மகள் காதோரம் கேட்டாள்.

அந்தப் பற்களை அவள்தான் செய்திருந்தாள்.

என் மகள் பல் மருத்துவர். முப்பத்தாறு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. மூன்று வாரத்துக்கு முன் சாப்பாட்டு மேசையில், குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"அப்பா, ஒருத்தரைக் கட்டிக்கலாம்னு இருக்கேன். நீங்க சரின்னு சொல்லணும்."

"என்ன செய்யறாரு?"

"நடிக்கிறாரு."

"என்ன மாதிரி வேஷம்?"

"ரத்தக்காட்டேரி."

என் மனைவி தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். தண்ணீர் மேசையிலேயே இருந்தது.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என் அப்பா டாக்டர். நாற்பத்திரண்டு வருஷம் வீட்டின் முன்னறையிலேயே வைத்தியம் பார்த்தார். யாரிடமும் குரல் உயர்த்தியவரில்லை, யாரும் அவரிடம் குரல் உயர்த்தத் துணிந்ததுமில்லை. நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். என் கண்ணில் படாமல் ஒரு தப்பான வரி அந்த அலுவலகத்தைத் தாண்டிப் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நாலு பேர் முன்னால் நின்றதில்லை.

"அந்த ஆள் என் வாசற்படியைத் தாண்டக் கூடாது" என்றேன்.

"சரி, அவர் இங்க வர வேண்டாம்" என்றாள் அவள். "நீங்க அங்க வாங்க. படம் ரிலீஸ் ஆகுது. நடுவுல எழுந்து போகாம, முழுசா பாருங்க. பார்த்துட்டு சரி, இல்ல வேண்டாம், ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. வேண்டாம்னு சொன்னீங்கன்னா இந்தப் பேச்சை அதோட விட்டுடறேன். அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். படம் முடியும்வரை நான் இருக்கையை விட்டு நிரந்தரமாக எழுந்து செல்லலாகாது. இடைவேளை இதற்கு விலக்கு. முடிவு எதுவாயினும் அவள் கட்டுப்பட வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட்டோம். சாட்சிக் கையெழுத்து என் மனைவி.

"எனக்கும் பாப்கார்ன் வாங்கித் தரணும்னு ஒரு வரி சேருங்க" என்றாள் அவள்.

இத்தனைக்கும் ஆரம்பம் நான் எழுதிய இன்னொரு பத்திரம். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாடிப்படி ஏற முடியாததால் நாங்கள் நாலு வருஷமாக லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் இருக்கிறோம். அப்பாவின் வீடு பூட்டியே கிடந்தது. போன வருஷம் ஒரு படக் கம்பெனி அதைக் கேட்டது. கதை என்ன என்று கேட்டேன். "மழையில மாட்டிக்கிட்ட பஸ் பயணிங்க ஒரு ராத்திரி ஒரு பழைய வீட்டுல தங்கறாங்க சார். விடியற வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் உதவியா இருக்காங்க" என்றார் அவர்களுடைய மேலாளர். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை என்பதைப் படம் பார்த்தபோது தெரிந்துகொண்டேன்.

ஒப்பந்தத்தை நானே எழுதினேன். முப்பத்தோரு ஷரத்துகள். அந்த மேலாளர் கையெழுத்துப் போடும்போது அவருக்கு வியர்த்தது. பன்னிரண்டாவது ஷரத்து, முன்னறையின் மரத்தரையில் யாரும் காலணியோடு நடக்கக் கூடாது. பதினேழாவது, வடக்குச் சுவரில் மாட்டியுள்ள டாக்டரின் படத்தை எக்காரணம் கொண்டும் கழற்றவோ, திருப்பவோ, மூடவோ, இடம் மாற்றவோ கூடாது. இருபத்துநாலாவது, டாக்டரின் நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. முப்பத்தோராவது, இந்த ஒப்பந்தத்தின் நகலை எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலில் ஒட்டி வைக்க வேண்டும்.

ஒன்பதாவது ஷரத்துதான் என்னைக் கவிழ்த்தது. படப்பிடிப்பு நடக்கும் நேரம் முழுவதும் வீட்டு உரிமையாளரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

அந்த ஒருவர் நான் என்று நினைத்து எழுதினேன். அடுத்த வாரமே முழங்காலில் அறுவைச் சிகிச்சை. நான் கட்டிலில் கிடந்தேன். என் மகள் தன் வேலையை உதவி டாக்டரிடம் விட்டுவிட்டு இருபத்திரண்டு நாள் அங்கே போய் உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் ஒரு காட்டேரி தாடையைப் பிடித்துக்கொண்டு மூலையில் முனகிக்கொண்டிருந்ததாம். பொய்ப்பல் ஈறைக் கிழித்திருக்கிறது. இவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, பல்லைக் கழற்றி ராவிக் கொடுத்திருக்கிறாள். அதுவும் சரிவராமல், அளவு எடுத்துப் புதிதாகவே ஒரு ஜோடி செய்து கொடுத்திருக்கிறாள். ஒருத்தி ஒருவனின் வாய்க்குள் அத்தனை தடவை எட்டிப் பார்த்தால் வேறென்ன ஆகும்?

ஆக, சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக் காட்சி. நாங்கள் மூவர். நடு வரிசை.

படத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். பஸ்ஸில் வந்த ஏழு பேரைப் போல அறிவு கெட்டவர்களை நான் முப்பத்தைந்து வருஷப் பதிவு அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை. வெளியே ரத்தம் குடிக்கிற கூட்டம் நிற்கிறது. விடியும்வரை உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரே அறையில் ஏழு பேரும் ஒன்றாக உட்கார்ந்தால் முடிந்தது. அதைச் செய்ய மாட்டார்கள். ஒருத்தி மெழுகுவத்தி தேடித் தனியாக மாடிக்குப் போகிறாள். ஒருவன் அவளைத் தேடிப் போகிறான். அவனைத் தேடி இன்னொருவன். ஜன்னலுக்கெல்லாம் பலகை வைத்து ஆணி அடிக்கிறார்கள். பின்கதவை மறந்துவிட்டார்கள்.

"பின்கதவு" என்றேன்.

முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் கதவுல மேல் தாழ்ப்பாள் விழாது. அஞ்சு வருஷமா விழாது. கீழ்த் தாழ்ப்பாளைத்தான் போடணும்" என்று அவரிடம் சொன்னேன்.

"சார், படம் பாருங்க" என்றார் அவர்.

அந்தக் கதவு வழியாகத்தான் காட்டேரி வந்தது. நான் சொன்னேனா இல்லையா?

அதைவிட எரிச்சல், வீட்டையே தலைகீழாக்கி வைத்திருந்தார்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு கதவு. அதைத் திறந்தால் கல்படிகள் இறங்கிப் பெரிய பாதாள அறை, சங்கிலி, சவப்பெட்டி. என் அப்பா வீட்டில் பாதாள அறை கிடையாது. அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது துடைப்பமும் பழைய செய்தித்தாளும் வைக்கிற அலமாரி.

"நம்ம துடைப்ப அலமாரிக்குள்ள நாலு பேர் இறங்கிட்டாங்க பாருங்க" என்று என் மனைவி வியந்தாள். "எனக்கு ஒரு வாளி வைக்க இடம் இருக்காது அங்க."

பிறகு அந்தச் சிரிப்பு. முதல் தடவை முன்னறையில் துரத்தல் வந்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் நாலு பேர். காரணம் எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. கூடத்தில் பூட்ஸ் காலோடு ஓடி வந்தவர்கள் முன்னறைக்குள் நுழைந்ததும் வெறுங்காலோடு ஓடினார்கள். துரத்தி வந்த காட்டேரிகளும் வெறுங்கால். முன்னறையைத் தாண்டியதும் மறுபடி பூட்ஸ்.

"பேய்ங்க எவ்ளோ மரியாதையா செருப்பை விட்டுட்டு வருதுங்க பாரு மச்சி" என்றது பின்னால் ஒரு குரல்.

பன்னிரண்டாவது ஷரத்து. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தரையில் ஒரு கீறல் விழவில்லை.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மனதுக்குள் அவனுக்கு வௌவால் என்று பெயர் வைத்திருந்தேன். வௌவால்தான் காட்டேரிகளுக்குத் தலைவன். அந்தப் படத்தில் காட்டேரிகளுக்கு ஒரு விதி. வீட்டில் இருக்கிற யாராவது ஒருத்தர் வாயால் வரச் சொன்னால் போதும், கதவு திறந்து கிடந்தால் எல்லாமே வரலாம். யாரும் சொல்லாவிட்டால் கதவு திறந்தே கிடந்தாலும் வர முடியாது. ஜன்னலுக்குப் பலகை அடிப்பதற்கு முன்பே அவன் கொட்டும் மழையில், திறந்த முன்கதவுக்கு வெளியே ஓர் அடி தள்ளி நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்டான். மறுபடி கேட்டான். கத்தவில்லை, கதவை உதைக்கவில்லை. உள்ளே இருந்த அந்த ஏழு மடையர்களும் அவன்மேல் நாற்காலியை எறிந்தார்கள், கெட்ட வார்த்தை பேசினார்கள். அவன் நின்றான்.

"வாழ வழியில்லாமல் வந்திருக்கிறேன்" என்றான். ழகரம் அவ்வளவு சுத்தம். எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தக் கூட்டத்திலேயே நாக்கைத் திருத்தமாக வளர்த்தவன் அவன் ஒருத்தன்தான் என்றால், நான் எதைக் குறை சொல்வது?

மெழுகுவத்தி தேடிப் போனவள்தான் மாடியிலிருந்து இறங்கி வரும்போது பின்கதவில் ஏதோ குரல் கேட்டு "யாரு, உள்ள வாங்க" என்று சொல்லித் தொலைத்தாள். அதுகள் உள்ளே வந்துவிட்டன. கண்டக்டர் போனார். அதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

இடைவேளைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அது நடந்தது.

மிச்சமிருந்தவர்களில் ஒருத்தி, நர்ஸ் வேஷம் போட்ட பெண், முன்னறையில் சுவரோடு ஒட்டி நிற்கிறாள். வௌவால் மெல்ல உள்ளே வருகிறான். அவளைப் பார்க்கவில்லை. வடக்குச் சுவரைப் பார்க்கிறான். இடி இடிக்கிறது. மின்னல் வெளிச்சத்தில் திரை முழுவதும் என் அப்பா.

கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், அந்தப் பார்வை. நாற்பதடி உயரத்தில்.

"இவர் என் அப்பா" என்றான் வௌவால். "இந்த ஊரில் இவர் ரத்தம் எடுக்காத ஆளே இல்லை."

அரங்கமே மூச்சை இழுத்தது. பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. 'இடைவேளை' என்று எழுத்து விழுந்தது, என் அப்பாவின் நெற்றிக்கு நேராக.

நான் எழுந்தேன். இடைவேளை என்பதால் எழலாம்.

"வழக்குப் போடறேன்" என்றேன். "திங்கட்கிழமையே போடறேன். அந்தப் படத்தைத் தொடக் கூடாதுன்னு பதினேழாவது ஷரத்துல எழுதியிருக்கு."

"யாரும் தொடலப்பா" என்றாள் என் மகள். "நான்தான் இருபத்திரண்டு நாளும் பார்த்தேனே. கழற்றக் கூடாது, திருப்பக் கூடாது, மூடக் கூடாதுன்னு எழுதிட்டீங்க. அந்த ரூம்ல கேமராவை எங்க வெச்சாலும் தாத்தா வந்தாரு. ரெண்டு நாள் தலையைப் பிச்சுக்கிட்டாங்க. மூணாம் நாள் அவரைக் கதையில சேர்த்துட்டாங்க."

"கேட்டிருக்கணும்."

"படம் பிடிக்கக் கூடாதுன்னு எழுதினீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

நான் மனதுக்குள் ஷரத்துகளை ஒன்றிலிருந்து எண்ணிப் பார்த்தேன்.

"முப்பத்தோரு ஷரத்து எழுதினீங்க. சினிமாக்காரங்க வராங்க. படம் பிடிக்கக் கூடாதுன்னு ஒரு வரி தோணல" என்றாள் அவள், பாப்கார்ன் வாளியின் அடியைத் துழாவிக்கொண்டே. இத்தனை வருஷத்தில் என் பத்திரம் ஒன்றில் அவள் தப்புக் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. அதை அவள் சும்மா விடப் போவதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

காற்றாட வெளியே வந்தால் அங்கே மருந்துக்கடைக்காரர். அப்பா சீட்டு எழுதிக் கொடுக்க, எதிர்ச்சாரியில் இருந்து மருந்து கொடுத்தவருடைய மகன். அவருக்கும் எழுபதாகிவிட்டது. பேரப் பிள்ளைகள் இழுத்து வந்திருக்கிறார்கள் போல. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரைத் திரையில பார்த்ததும் எனக்குக் கை தானா சட்டைக் கையை மடிச்சுடுச்சு சார்" என்றார். "பத்து வயசுல ரத்தம் குடுத்தப்ப என்னா பயம் பயந்தேன். அதே பயம். இந்தக் காலத்துப் படத்துல இவ்ளோ நெசமா ஒரு முகத்தை எங்க புடிச்சாங்கன்னு பேரன் கேக்கறான். எனக்குத் தெரிஞ்சவர்டான்னு சொன்னா நம்ப மாட்டேங்கறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

அந்தப் பேரன் என்னை அண்ணாந்து பார்த்தான். காட்டேரியின் மகனை நேரில் பார்க்கிற பார்வை.

"அவர் டாக்டர்" என்றேன். "அவர் எடுத்த ரத்தம் எல்லாம் பரிசோதனைக்கு."

"எல்லாருமே அப்படித்தான் சொல்லுவாங்க" என்றது அந்தப் பிள்ளை.

என் அப்பாவின் நாற்பத்திரண்டு வருஷப் பெயர் ஒரு மதிய ஆட்டத்தில் இந்தக் கதிக்கு வந்துவிட்டது. நான் முடிவு செய்துவிட்டேன். படம் முடியட்டும், வேண்டாம் என்று ஒரே சொல். எழுதிக் கொடுத்ததால் உட்கார வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் அங்கேயே சொல்லியிருப்பேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது என் மகள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும்போது புத்தகப் பையை அப்படித்தான் பிடித்திருப்பாள். நான் திரையைப் பார்த்தேன்.

இரண்டாம் பாதியில் இன்னும் மூன்று பேர் தங்கள் முட்டாள்தனத்தாலேயே செத்தார்கள். அதில் ஒருவன், ஸ்டோர் ரூமுக்குள் ஓடிப் போய்க் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைத் தேடினான். அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. தாழ்ப்பாள் இல்லாத கதவைப் பார்க்காமல் ஒருவன் உள்ளே போவானா? போனான்.

கடைசியில் நர்ஸ் மட்டும் மிச்சம். விடியப் போகிறது. ஜன்னல் பலகைகளின் இடுக்கில் வெளிச்சம் சன்னமாகக் கோடு போடத் தொடங்குகிறது. முன்னறை. வௌவாலுக்கு ஓட இடம் இருக்கிறது, பாதாள அறை, அதாவது துடைப்ப அலமாரி. அவன் ஓடவில்லை. களைத்துப்போய் என் அப்பாவின் நாற்காலியை நோக்கி வருகிறான்.

அது அப்பா நோயாளிகளைப் பார்த்த நாற்காலி. உயரமான முதுகு, தோல் வைத்த கைப்பிடி. அவர் போனபிறகு அதில் நானும் உட்கார்ந்ததில்லை. கேமரா நாற்காலியையே பார்க்கிறது. சங்கீதம் ஏறுகிறது. படம் பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இவன் இப்போது இதில் ராஜா மாதிரி உட்கார்ந்து சாகப் போகிறான் என்று. காட்சியே அதற்காகத்தான் கட்டப்பட்டிருந்தது.

அவன் உட்காரவில்லை. பக்கத்தில் வந்து நின்றான். நாற்காலியின் முதுகில்கூடக் கை வைக்கவில்லை. கையைக் கொண்டுபோய், ஒரு விரல்கடை தள்ளி, காற்றிலேயே நிறுத்தினான். பிறகு அதன் காலடியில், வெறும் தரையில் உட்கார்ந்து சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தான். வெளிச்சம் அவன் முகத்துக்கு வந்தது. சாம்பலானான்.

"ச்சே, சேர்ல உக்காந்திருந்தா மாஸா இருந்திருக்கும்" என்றது பின்வரிசை.

விளக்குகள் எரிந்தன. நான் எழுந்திருக்க நேரமானது. முழங்கால்.

வண்டியில் திரும்பினோம். மகள் ஓட்டினாள். அவள் கேட்கவில்லை. கேட்க மாட்டாள். வேண்டாம் என்ற சொல் என் வாயில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கை காற்றில் நின்றது வந்து வந்து குறுக்கே விழுந்தது. அது நடிக்கிறவனுடைய யோசனையா, இல்லை டைரக்டர் சொன்னதா? டைரக்டர் சொன்னதென்றால் அதில் இவன் பெருமை என்ன இருக்கிறது? இதைப் போய் மகளிடம் கேட்டால் நான் இளகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்வாள். கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு காட்டேரிப் படத்தைப் பார்த்துவிட்டு நான் இப்படி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று வழியெல்லாம் ஆத்திரம்.

மாலை ஆறு மணி. மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. எங்கள் வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஓர் ஆள் நின்றான். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. கோரைப்பல் இல்லாமல் பார்க்க ஒரு குமாஸ்தா மாதிரி இருந்தான்.

"இங்க ஏன் வந்தீங்க?" என்றாள் என் மகள். அவளுக்குத் தெரியாது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"நான்தான் வரச் சொன்னேன்" என்றாள் என் மனைவி.

நான் அவளைப் பார்த்தேன்.

"வாசற்படியைத் தாண்டக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? தாண்டல. நிக்கிறாரு" என்று சொல்லிக்கொண்டே பூட்டைத் திறந்து உள்ளே போய் விளக்கைப் போட்டாள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவளே எதிர்க்கட்சிக்காரருக்கு வக்கீலாகிவிட்டால் எந்தப் பத்திரம் நிற்கும்?

மகள் உள்ளே போய்ச் சாப்பாட்டு மேசையில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கைப்பையை இன்னும் கீழே வைக்கவில்லை. நானும் உள்ளே போய்த் திரும்பி நின்றேன். கதவு திறந்திருந்தது. அவன் வெளியே, வாசற்படிக்கு ஓர் அடி தள்ளி. அவனுடைய காலணிகள் சுவரோரமாக ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக இருந்தன.

"பதிலைக் கேட்டுட்டுப் போயிடறேன் சார்" என்றான். "எதுவா இருந்தாலும் நேர்லயே கேட்டுக்கறேன். அவங்க போன்ல சொல்ற நிலைமை வேண்டாம்னு தோணுச்சு."

"நாற்காலியில ஏன் உட்காரல?"

அவன் வேறு கேள்வியை எதிர்பார்த்திருக்க வேண்டும். கொஞ்சம் விழித்தான்.

"இருபத்துநாலாவது ஷரத்து சார்."

"படிச்சீங்களா?"

"வாசல்ல ஒட்டியிருந்துதே. மேக்கப்புக்கு நாலு மணி நேரம் ஆகும். அதுக்கப்புறம் சாப்பிட முடியாது, சாய முடியாது. நின்னுக்கிட்டே இருக்கணும். வேற என்ன பண்றது? தினமும் படிப்பேன். மனப்பாடம் ஆயிடுச்சு."

"உட்காரச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. ரெண்டு மணி நேரம் சண்டை. அன்னைக்கு உங்க பொண்ணும் இல்ல, யாருக்கோ பல்லு வலின்னு அரை மணி நேரம் கிளினிக் போயிருந்தாங்க..."

"ஒன்பதாவது ஷரத்து" என்றேன் மேசைப் பக்கமாக. அந்த முதுகு அசையவில்லை.

"யாரும் பார்க்க மாட்டாங்க, உட்காருன்னாங்க. உண்மையைச் சொன்னா சார், உட்கார்ந்திருந்தா சீன் நல்லா இருந்திருக்கும். டைரக்டர் சொன்னது சரி. எனக்கே ஆசையாத்தான் இருந்துது. ஆனா எழுதி ஒட்டியிருக்காங்களே. ஒருத்தர் உட்கார்ந்து முப்பத்தொண்ணு எழுதியிருக்காரு. அவருக்கு அது எவ்ளோ முக்கியமா இருக்கும்."

பதிவு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஆயிரக்கணக்கான பத்திரங்கள் என் கையால் போயிருக்கின்றன. கையெழுத்துப் போடுகிறவர்களே படிப்பதில்லை. இவன் அதில் கட்சிக்காரன்கூட இல்லை.

"என் அப்பாவைக் காட்டேரி ஆக்கிட்டீங்க" என்றேன். விட்டுக்கொடுக்கக் கூடாது அல்லவா.

"ஆமா சார். அது தப்புதான். அந்த வசனத்தை மட்டும் மாத்தச் சொல்லிக் கேட்டேன். 'ரத்தம் குடிக்காத ஆளே இல்லை'ன்னு இருந்துது. அவர் டாக்டராச்சே, 'எடுக்காத'ன்னு சொல்றேன்னேன். அதுக்கு மேல விடல."

சமையலறையில் பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. என் மனைவி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவன் பேசும்போது முன்பற்களுக்கு நடுவில் ஓர் இடைவெளி தெரிந்தது. அத்தனை தடவை வாயைத் திறந்து பார்த்த பல் டாக்டர் அதைச் சரி செய்யாமல் விட்டிருக்கிறாள். வேண்டுமென்றேதான் விட்டிருப்பாள்.

நடைபாதை விளக்கு பளிச்சென்று எரிந்தது. கதவு அகலத் திறந்து கிடந்தது. அவன் நின்றான். சொன்னால் ஒழிய நகர மாட்டான் என்று தெரிந்தது. உள்ளேயும் வர மாட்டான், போகவும் மாட்டான். என் புறங்கையில் ஒரு கொசு உட்கார்ந்தது. அடித்தேன். இன்னொன்று காதில் பாடியது.

"கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது?" என்றேன். "கொசு வருது. உள்ள வந்து கதவைச் சாத்துங்க."

அவன் அசையவில்லை. என்னைத் தாண்டி மேசையைப் பார்த்தான்.

என் மகள் திரும்பினாள். கைப்பையை மேசைமேல் வைத்திருந்தாள். "அப்பா, வாசற்படியைத் தாண்டினா அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியும்ல?"

"சொன்னவன் நான். எனக்குத் தெரியாதா?"

அவன் அப்போதும் நின்றான்.

"என்ன?" என்றேன். "வாயால சொன்னா போதாதா? எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தரணுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். எங்கள் வாசல் நல்ல உயரம். குனிய வேண்டிய அவசியமே இல்லை.